ஸ்ட்ரட் பிரேஸ் பொருத்துகிறீர்களா? விரலால் இறங்காத நட்டை விட்டுவிடுங்கள்

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர் தன் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே புதிதாக ஒரு ஸ்ட்ரட் பிரேஸ், அதாவது எஞ்சின் அறையின் இரு ஓரங்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி. ஸ்பேனரின் வாலில் இரண்டு அடி நீள இரும்புக் குழாயைச் செருகி, இடுப்பை வளைத்து இழுத்துக்கொண்டிருந்தார். “இன்னும் அரைச் சுற்று வாங்கும் அண்ணா” என்றார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில் இதே வேலையை இதேபோல் செய்து பணத்தையும் மூன்று நாளையும் இழந்தவன் நான். அதன் பிறகு நண்பர்களின் வண்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட பிரேஸ்களைப் பொருத்தியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் வந்து விழும் முதல் குழி ஒன்றுதான்: விரலால் இறங்காத நட்டை வலுவால் இறக்குவது.

ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, தவறு நடக்கும் இடங்களைத்தான் சொல்கிறேன். நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்களுக்கு இருப்பது, 1940களில் அமெரிக்கப் பொறியாளர் எர்ல் மெக்ஃபர்சன் வடிவமைத்த ஸ்ட்ரட் அமைப்பு. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும். தூணின் தலை (மேல் மவுண்ட்), எஞ்சின் அறையின் இரு ஓரங்களிலும் உள்ள டவர்களில், அதாவது தகட்டு மேடுகளில், பிடிக்கப்பட்டிருக்கும். தலையிலிருந்து மேலே நீளும் ஸ்டட் எனும் மரையுள்ள கம்பிகளில் நட்டுகள் ஏறும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வரும் விசை இந்த டவர்களில்தான் இறங்குகிறது. உடல் தகடு சற்றே நெளிகிறது. இரண்டு டவர்களையும் குறுக்காகக் கட்டி அந்த நெளிவைக் குறைக்கும் கம்பிதான் பிரேஸ். சாதாரண ஓட்டத்தில் வித்தியாசம் சிறியது. நந்தி மலைக் கொண்டைஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் சொன்னதைச் சற்று முன்னதாகக் கேட்கும்.

மரை தெரியாமல் நட்டு வாங்குவது

என்னை இன்றும் கோபப்படுத்தும் தவறு இது. அன்று டவரில் இருந்த மூன்று நட்டுகளில் ஒன்று என் கையிலிருந்து நழுவி எஞ்சினுக்கு அடியில் எங்கோ விழுந்துவிட்டது. ஜே.சி. ரோட்டுக்குப் போய் ஓர் உதிரிபாகக் கடையில் “பத்து மில்லிமீட்டர் நட்டு” என்று கேட்டேன். கடைக்காரர் நான் கேட்டதைத்தான் கொடுத்தார். அவர் மேல் குற்றமே இல்லை.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ஒன்றரைச் சுற்று விரலால் இறங்கியது, பிறகு இறுகியது. பழைய நட்டுகள் லாக் நட்டு வகை, அதிர்வில் தானாகக் கழலாதவை. அவையும் இறுக்கமாகத்தான் கழன்றன. ஆகவே இதுவும் அந்த இறுக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பேனரைப் போட்டேன். பிறகு குழாயைச் செருகினேன். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது, கூடவே ஒரு நெகிழ்வு. அதன் பின் நட்டு இறுகவே இல்லை, மெத்தென்று சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தபோது நட்டின் பள்ளங்களில் வெள்ளிச் சரிகை போல மெல்லிய இரும்புச் சுருள் ஒட்டியிருந்தது. ஸ்டட்டின் மரை அப்படியே சீவப்பட்டு நட்டோடு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். பல ஜப்பானியக் கார்களில் 10 மி.மீ. ஸ்டட்டில் அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ. இடைவெளி. கடைகளில் “பத்து மில்லி” என்றால் சாதாரணமாகக் கிடைக்கும் நட்டு 1.5 மி.மீ. இடைவெளி. சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் விலகல். நான்கு சுற்றில் ஒரு மில்லிமீட்டர். முதல் சுற்றில் இரும்பு பொறுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒன்றையொன்று அறுக்கத் தொடங்கும். குழாய் போட்டு இழுப்பவருக்கு அந்த அறுப்பு, “நன்றாக இறுகுகிறது” என்றே கையில் தெரியும். ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது.

லாக் நட்டின் இறுக்கத்தையும் தப்பான மரையின் இறுக்கத்தையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. லாக் நட்டில் நைலான் வளையமோ நசுக்கிய உதடோ மேல் நுனியில் இருக்கும். நட்டு பெரும்பாலும் இறங்கிய பிறகு, ஸ்டட்டின் முனை அந்த நுனியைத் தொடும்போதுதான் இறுகத் தொடங்கும். முதல் இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை தப்பு, அல்லது நட்டு கோணலாக ஏறியிருக்கிறது. ஸ்பேனரைத் தொடவே கூடாது. பின்னோக்கிக் கழற்றி, துடைத்து, மறுபடி விரலால் ஏற்றுங்கள்.

ஸ்பேனர் எண்ணை நம்பி நட்டு வாங்குவதும் இதே வகைத் தவறுதான். “பதினாலு நம்பர் நட்டு” என்று கேட்பார்கள். பதினான்கு என்பது தலையின் அகலம். மரையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை; 10 மி.மீ. நட்டுக்கே 14 எண் தலையும் உண்டு, 17 எண் தலையும் உண்டு. டவரிலிருந்து கழற்றிய நல்ல நட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். அது சரளமாக ஏறும் போல்ட் ஒன்றைக் கடைக்காரரிடம் வாங்கி, புதிய நட்டையும் அதிலேயே ஏற்றிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஸ்டட் தனியாகக் கழன்று வருவதில்லை. மேல் மவுண்டின் தகட்டில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டை இறக்கி, கருவியில் மாட்டி ஸ்பிரிங்கை நெருக்கி, மவுண்டையே மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட். பட்டறையில் வண்டி மூன்று நாள் நின்றது. செலவு பிரேஸின் விலையைப் போல இரண்டு மடங்கு. ஒரு நட்டுக்காக!

கைப்பக்குவத்தை நம்பி இறுக்குவது

சமையலுக்குக் கைப்பக்குவம் போதும், நட்டுக்குப் போதாது. குறித்த இறுக்கத்தை எட்டியதும் சொடுக்கிக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி. பொதுவாகச் சொன்னால், சாதாரண வலிமை கொண்ட 8 மி.மீ. ஸ்டட் ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்படும், 10 மி.மீ. அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 25 என்றால் எவ்வளவு? 25 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் பத்துக் கிலோ அளவுக்கு ஓர் அழுத்தம், அவ்வளவே. அரைக் கேன் தண்ணீரின் எடை. எங்கள் தெரு மாணவர் போல 60 செ.மீ. குழாயில் முப்பது கிலோ விசையோடு தொங்கினால் அது 180 நியூட்டன் மீட்டரைத் தொடும். மரை சரியாக இருந்தாலும் ஸ்டட் முறியும்.

இன்னொன்று. பிரேஸின் தகடு நான்கைந்து மி.மீ. தடிமன். அந்த அளவுக்கு நட்டு ஸ்டட்டில் மேலே தள்ளிப்போகிறது. இறுக்கி முடித்ததும் நட்டுக்கு மேல் இரண்டு மரையாவது தெரிய வேண்டும். ஸ்டட்டின் முனை நட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தால் அந்தப் பிரேஸ் உங்கள் வண்டிக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நடு நட்டு

டவரின் நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழன்றால் உயிருக்கே ஆபத்து. சுற்றிலும் ஸ்டட்டே இல்லாமல் நடு நட்டு மட்டும் உள்ள கார்களும் உண்டு. அவற்றுக்கான பிரேஸைப் பட்டறையில் கொடுத்துப் பொருத்துங்கள்.

ஜாக்கி போட்டுத் தூக்குவது

வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் இருந்தால்தான் வண்டியின் எடை ஸ்ட்ரட்டை மேல்நோக்கி டவரோடு அழுத்தி வைத்திருக்கும். தூக்கிவிட்டு மூன்று நட்டையும் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும். எங்கள் தெரு சரிவானது. அந்த மாணவரின் வண்டியைச் சமதளமான ஒரு பார்க்கிங் இடத்துக்கு ஓட்டிச் சென்ற பிறகுதான் நட்டைத் தொட்டோம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகவேண்டும். கழற்றும் முன் மவுண்ட் இருக்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டு வையுங்கள். துளைகளில் உள்ள சிறு இடைவெளியே சக்கரத்தின் சாய்வை மாற்றப் போதும்.

பானெட்டைப் படாரென்று மூடுவது

பிரேஸின் உச்சியிலும் இரு முனைகளிலும் சப்பாத்தி மாவை எலுமிச்சை அளவுக்கு உருட்டி வையுங்கள். பானெட்டை மெதுவாக இறக்கி, கையால் அழுத்தி, மறுபடி திறவுங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் உங்களுக்கு மிஞ்சியுள்ள இடைவெளி. ஒரு செ.மீ.க்குக் கீழே என்றால் எனக்கு மனம் ஒப்பாது. கம்பிக்கும் எஞ்சினுக்கும் இடையே இன்னும் கூடுதலாக வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் தன் ரப்பர் மவுண்டுகளில் எழும்பி ஆடும். பிரேக் ஆயில் மூடி தடையின்றித் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரி

கையில் இருப்பது ஒரு மீட்டர் நீள உலோகக் கம்பி. நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நடுவே ரப்பர் வைப்பது

சத்தம் வருமென்று தகட்டுக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்கிறார்கள். இரும்பும் இரும்பும் கவ்வ வேண்டிய இடம் அது. ரப்பர் நாளடைவில் நசுங்கும், நட்டு தளரும்.

பழைய நோய்க்கு இதை மருந்தாக்குவது

தேய்ந்த புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்), கசிந்த ஷாக் அப்சார்பர், வழுவழுத்த டயர். முதலில் அவற்றை மாற்றுங்கள்.

பொருத்திய பிறகு மறந்துவிடுவது

மாணவரின் வண்டியில் ஆறு நட்டுகளையும் கழற்றிப் பார்த்தோம். ஐந்தில் மரை சுத்தமாக இருந்தது. குழாய் போட்ட ஒன்றில் ஸ்டட்டின் முனை மட்டும் சற்று மினுமினுத்தது. சரியான மரை கொண்ட சாதாரண நட்டு அதில் விரலாலேயே அடிவரை இறங்கியது. நல்ல வேளை. பழைய லாக் நட்டுகளை ஒதுக்கிவிட்டு ஆறும் புதிதாக வாங்கி, டார்க் ரெஞ்ச் சொடுக்கும் வரை இறுக்கினோம். கம்பியின் மூட்டு போல்ட்டுகளையும் விடவில்லை. அடுத்த ஞாயிறு அவர் நந்தி மலைக்குப் போய் வந்தார், போகவர ஏறத்தாழ 120 கி.மீ. எஞ்சின் ஆறியதும் மறுபடி ரெஞ்சைப் போட்டோம். ஐந்து நட்டுகள் அசையாமல் சொடுக்கின. பேட்டரிப் பக்கத்து நட்டு மட்டும் ஒரு நகக்கண் அளவு திரும்பிவிட்டுச் சொடுக்கியது. அதன் தலையில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். 1,000 கி.மீ. ஆனதும் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.