சின்னச் சட்டையும் குடும்ப ஜெபமும்: தாய்மாருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

அன்னாள் தன் மகன் சாமுவேலைச் சீலோவில் ஆண்டவருடைய பணிக்கென்று விட்டுவந்த பிறகு, வருடந்தோறும் பலி செலுத்தப் போகும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்து எடுத்துச் சென்றாள் என்று 1 சாமுவேல் 2:19 சொல்கிறது. மகனை அருகில் நிறுத்தி அளவெடுக்க அவளுக்கு வாய்ப்பில்லை. போன வருடம் தோள் எவ்வளவு அகலம் இருந்தது, இந்த வருடம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனத்துக்குள்ளேயே கணக்கிட்டுத்தான் அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும். வீட்டில் விசுவாசத்தை எப்படி வளர்ப்பது என்று இளந்தாய்மார் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வசனம்தான். பல வீடுகளில் குடும்ப ஜெபம் தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோவதற்குப் பக்திக் குறைவு காரணம் அன்று. அளவு பொருந்தாமையே காரணம். பெரியவர்களுக்குத் தைத்த நீண்ட அங்கியை மூன்று வயதுப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, பிள்ளை தடுக்கி விழுகிறதே என்று வருந்துகிறோம். ஆகவே இங்கே சொல்லப்போகிற எதையும் உங்கள் பிள்ளையின் வயதுக்கும் உங்கள் உடம்பின் பலத்துக்கும் ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள்.

நாளில் ஏற்கெனவே இருக்கிற நேரங்கள்

பிள்ளைகளுக்கு வேதத்தைக் கற்பிப்பதற்கு உபாகமம் 6:7 தனியாக ஒரு நேரத்தைக் குறிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்று எல்லா வீடுகளிலும் எப்படியும் நடக்கிற நான்கு வேளைகளையே அது சொல்கிறது. புதிதாக ஒரு மணி நேரத்தை எங்கிருந்தாவது பிடுங்கி எடுக்க முயலாமல், இந்த நான்கில் ஒன்றை மட்டும் முதலில் தேர்ந்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் படுக்கைவேளைதான் தொடங்குவதற்கு எளிது. பிள்ளை அப்போது எங்கும் ஓடாது. அன்றைய நாளைப் பற்றிப் பேச அதற்கே ஆசை இருக்கும். விளக்கை அணைத்த பிறகு பகலில் சொல்லாததையும் சொல்லும். "இன்று எதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லலாம்?" என்று ஒன்றைக் கேட்டு, பிள்ளை சொன்னதையே ஜெபமாக்கினால் போதும். ஒரு மாதம் அது தடையின்றி நடந்த பிறகு, பள்ளிக்குப் போகும் வழியையோ எழுந்திருக்கும் வேளையையோ சேர்த்துக்கொள்ளலாம்.

குடும்பமாக உட்காரும்போது

சிறு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குடும்ப ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஒரு பாட்டு, பத்து வசனங்களுக்கு மேற்படாத ஒரு வேதபகுதி, ஒரு கேள்வி, ஒரு ஜெபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள், பேச்சைவிட நிகழ்ச்சிகள் அதிகம். நாளுக்குப் பத்து வசனமாகப் படித்தால், இடையில் விட்டுப்போகும் நாட்களையும் சேர்த்து, ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் சற்று வளர்ந்த பிள்ளைகளோடு தேதிக்கு ஓர் அதிகாரத்தைத் திறந்து, அதிலிருந்து பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லக்கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பழகிய விடையைப் பிள்ளை ஒப்பிக்கும், மனம் அசையாது. மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் நான்கு பேர் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். அதைப் படித்துவிட்டு, "மேலிருந்து தூசி விழுந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?", "அந்த நான்கு பேரில் ஒருவருக்குக் கை வலித்திருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை அந்த வீட்டுக்குள்ளேயே போய் நிற்கும்.

பிள்ளை ஜெபிக்கும்போது குறுக்கே திருத்தாதீர்கள். தொலைந்துபோன பென்சிலுக்காகவும் காலில் கட்டியிருக்கும் துணிக்காகவும் அது ஜெபித்தால், அதுதான் அதன் உலகம். அங்கிருந்துதான் அது ஆண்டவரிடம் போக முடியும். இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு: பிள்ளை கேட்கும்படி அதைத் திட்டுவதற்கு ஜெபத்தைப் பயன்படுத்தாதீர்கள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைக் கொடும், தம்பியை அடிக்கிற குணத்தை மாற்றும்" என்று உரத்த குரலில் ஜெபிக்கும் தாய் ஆண்டவரிடம் பேசவில்லை, பிள்ளையிடம்தான் பேசுகிறாள் என்பதைக் கண்மூடியிருக்கும் பிள்ளை உடனே புரிந்துகொள்கிறது. அதே காரணத்தினால், "இயேசப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார், அடிப்பார்" என்று பயமுறுத்துவதையும், குறும்பு செய்ததற்குத் தண்டனையாகச் சங்கீதத்தை எழுதவைப்பதையும் விட்டுவிடுங்கள். தண்டனையாகப் படித்த சங்கீதத்தைத் துக்கநாளில் ஆறுதலுக்காக யார் தேடிப் போவார்கள்?

தாய்க்குத் தன் ஜெபம்

கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயிடம் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கச் சொல்வதை நான் சரியென்று நினைக்கவில்லை. ஏசாயா 40:11-இல் ஆண்டவர் கறவலாடுகளை, அதாவது குட்டிக்குப் பால்கொடுக்கும் ஆடுகளை, மெதுவாய் நடத்துகிற மேய்ப்பராகக் காட்டப்படுகிறார். மந்தையோடு ஒரே வேகத்தில் வர முடியாதவை அவை என்று மேய்ப்பருக்குத் தெரியும். 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் சோர்ந்து சாகக் கேட்டபோது, தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் தூங்கினான். தூதன் மறுபடியும் தட்டியெழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். உங்கள் உடம்பு தூக்கத்துக்காக ஏங்கும்போது தூங்குவது விசுவாசத்துக்கு விரோதமானது அன்று.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு வசனத்தை வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதி, பால் கொடுக்கும் இடத்துக்கு எதிரே கண்படும்படி ஒட்டுங்கள். வார்த்தை வராத நாளில் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்பதே முழு ஜெபம். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இத்தகைய இரவுகளுக்கும் சேர்த்துத்தான். பிரசவத்துக்குப் பிறகு வருகிற அழுகையும் மனக்கலக்கமும் இரண்டு வாரத்தைத் தாண்டியும் தணியாவிட்டாலோ, குழந்தையிடம் ஒட்டுதலே இல்லாமல் போனாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலோ கூட, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு அன்று, சிகிச்சையுள்ள நோய். "இன்னும் அதிகமாக ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு தாயை வீட்டிலேயே வைத்திருப்பது அன்பாகாது.

பிள்ளைகள் சற்று வளர்ந்ததும், நீங்கள் ஜெபிப்பதை அவர்கள் பார்க்கட்டும். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவரும், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லி ஆகியோரின் தாயுமான சூசன்னா வெஸ்லி, தனியறை கிடைக்காதபோது சமையல் மேலாடையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்றும், அப்போது அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகள் அறிந்திருந்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கித் தனியாகப் பேசினார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்ல்ஸுக்கு. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள நமக்கு இது நிச்சயமாக முடியும். இங்கே சிறிய ஆலோசனை ஒன்று: பிள்ளைகள் முன்னிலையில் வேதம் படிக்கும்போது கைப்பேசியில் படிக்காமல் அச்சுப் புத்தகத்தில் படியுங்கள். திரையைப் பார்க்கும் தாய் சங்கீதம் படிக்கிறாளா செய்தி பார்க்கிறாளா என்று பிள்ளைக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்பது

மற்ற எல்லாவற்றையும்விட இதைப் பற்றியே எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் இரட்சிப்பைப் பற்றியும் கிருபையைப் பற்றியும் ஆலயத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்கலாம். ஆனால் ஒருவர் தவறு செய்து, அதை ஒப்புக்கொண்டு, மன்னிக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிற இடம் வீடுதான்.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. ஒருநாள் காலையில் ஒரு காலணி கிடைக்காமல் அவன் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தபோது, நேரமாகிவிட்ட ஆத்திரத்தில், "உன்னால்தான் இந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை" என்று கத்திவிட்டேன். காலணி கதவுக்குப் பின்னால் நான் ஒதுக்கிவைத்த இடத்திலேயே இருந்தது. அன்று முழுவதும் அந்த வாக்கியம் எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. இரவு அவன் படுக்கை ஓரத்தில் முழங்காலிட்டு, "காலையில் அம்மா சொன்னது பொய். உன்னால் நிம்மதி போகவில்லை. நான் கோபத்தில் தவறாகப் பேசினேன். என்னை மன்னிப்பாயா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சற்று நேரம் கழித்து, திரும்பாமலேயே, போர்வைக்குள்ளிருந்து ஒரு காலை நீட்டி என் கையின்மேல் வைத்துக்கொண்டான். அவன் தூங்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அந்த இரவு எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். செய்த தவற்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால்" என்று மழுப்பாதீர்கள். "நீ ஒழுங்காக இருந்திருந்தால் நான் கத்தியிருக்கமாட்டேன்" என்று பின்னால் ஒரு வாலை ஒட்டாதீர்கள். ஒட்டினால் அது மன்னிப்புக் கேட்பதாகாது, இரண்டாவது குற்றச்சாட்டாகிவிடும். பிள்ளையின் தவறும் இருந்தால் அதை வேறொரு நேரத்தில் பேசுங்கள். உடனே சிரிக்கவும் கட்டிக்கொள்ளவும் வற்புறுத்தாதீர்கள். மன்னிக்க அதற்கும் நேரம் வேண்டும். கூடுமானால் அன்றைக்கே முடித்துவிடுங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்குமுன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் 4:26 சொல்வதும் இதைத்தான். பெற்றோர் கோபமூட்டினால் பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள் என்று கொலோசெயர் 3:21 எச்சரிக்கிறது. திடனற்றுப்போன பிள்ளை எதிர்த்துப் பேசுவதில்லை. மெல்ல மெல்லச் சொல்வதையே நிறுத்திவிடுகிறது. மன்னிப்புக் கேட்டால் தாயின் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இரவுக்குச் சில வாரங்கள் கழித்து என் மகன் தானாகவே வந்து, நான் கண்டுபிடித்திராத ஒரு பொய்யை என்னிடம் சொன்னான்.

கேள்விகளும் விடை வராத ஜெபங்களும்

ஒரு குறிப்பேட்டில் குடும்பத்தின் ஜெபக்குறிப்புகளைத் தேதியிட்டு எழுதிவாருங்கள். எதிர்ப்பக்கத்தில் என்ன நடந்தது என்று பின்னால் எழுதுங்கள். கேட்டபடி கிடைத்தவற்றை மட்டும் எழுதினால் அந்தக் குறிப்பேடு உண்மை சொல்லாது. பாட்டி சுகமாக வேண்டும் என்று மூன்று மாதம் ஜெபித்த பிள்ளை, அடக்கத்துக்குப் பிறகு, "ஆண்டவருக்குக் கேட்கவில்லையா?" என்று கேட்கும். "பாட்டியை விண்ணகத்துக்கு அவருக்கு வேண்டியிருந்தது" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பாட்டியைப் பறித்துக்கொண்டவர் என்று பிள்ளை ஆண்டவரைப் பயப்படத் தொடங்கும். அப்போஸ்தலன் பவுல் தன்னை முள்ளாய் வருத்திய துன்பம் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை என்பதையும், தம் நண்பன் லாசரு இறந்தபோது அவன் கல்லறை அருகே இயேசு கண்ணீர்விட்டார் என்பதையும் சொல்லுங்கள். "ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, அம்மாவும் அழுகிறேன்" என்று சொல்லி உடன் உட்காருங்கள்.

கணவர் இந்த விசுவாசத்தில் பங்குகொள்ளாத வீடுகளும் உண்டு. பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 குறிப்பிடுகிறது; பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்கிறார். பிள்ளைகள் முன்னால் கணவரைக் குறைசொல்லாமலும், அவர்களை அவருக்கு எதிராக ஜெபிக்கவைக்காமலும் இருந்தால், தனியாகவும் இதைச் செய்ய முடியும்.

வளர்ந்த பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கும்போதுதான் பல தாய்மார் கலங்கிப்போகிறார்கள். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமில் தங்கிவிட்டபோது, மூன்று நாள் தேடி அவரைக் கண்ட மரியாள், அவர் சொன்னது புரியாதபோதும் அவற்றையெல்லாம் தன் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்று லூக்கா எழுதுகிறார். புரியாததை உடனே மறுக்காமல் வைத்துக்கொள்வதும் தாயின் வேலைதான். பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, அப்போது வேறு கொள்கையில் போயிருந்த மகனோடு வாதாடும்படி ஓர் ஆயரை வற்புறுத்தியபோது, அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய் என்று அவர் அனுப்பிவிட்டார். 387-இல் மிலான் நகரில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. மோனிக்கா அதைப் பார்த்துவிட்டு அதே வருடத்தில் மரித்தார்.

ஆகவே பதினாறு வயது மகனோ மகளோ குடும்ப ஜெபத்துக்கு வர மறுத்தால், ஒருமுறை அன்போடு அழையுங்கள், இழுத்துவராதீர்கள். வீட்டில் மீதமிருப்பவர்களோடு அதே நேரத்தில், அதே இடத்தில், வழக்கம்போலப் பாடுங்கள். ஜெபம் முடிந்ததும் எதுவும் சொல்லிக்காட்டாமல் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாடும்போது கதவை மட்டும் சாத்தாதீர்கள்.