மேஜை ஏன் வெடித்தது? மர சாமான் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வடிவமைத்த முதல் சாப்பாட்டு மேஜை பெங்களூர் அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் போனது. மூன்றடி அகலத் தேக்குப் பலகை, அடியில் சட்டம், சுற்றிலும் 16 ஸ்க்ரூ, போதாக்குறைக்குப் பசை. அக்டோபர் மழையில் கொண்டுபோய் இறக்கினோம். மார்ச்சில் ஒரு ராத்திரி போன். "தம்பி, மேஜை டப்புன்னு சத்தம் போட்டுச்சு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு பிளவு, ஒரு ரூபாய்க் காசைச் செருகலாம். மரத்தின் மேல் குற்றமில்லை. தப்பு என்னுடையது.

அறுத்து இழைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். நெடுக்கில் அநேகமாக அசையாது. குறுக்கில்தான் உப்பும், சுருங்கும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் வந்தால் காற்று காய்ந்துவிடும். மரத்தின் ஈரம் நாலு சதவீதம் இறங்கினாலே மூன்றடி அகலத் தேக்கு கால் அங்குலம் வரை குறுகலாம். அப்படிக் குறுக நான் இடம் விடவில்லை. சென்னையிலிருந்து ஆசையாக லாரியில் ஏற்றிவரும் தாத்தா காலத்துச் சாமான்கள் இங்கே முதல் கோடையில் வெடிப்பதும் இதனால்தான்.

பலகையை நடுவில் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். ஓரங்களில் ஸ்க்ரூ துளை குறுக்குவாட்டில் நீளமாக இருக்கட்டும். பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டக் கூடாது. "ஆடும் சார்" என்பார் ஆசாரி. ஆடாது.

எங்கள் பாட்டியின் அஞ்சறைப் பெட்டியைப் பார்த்திருந்தால் இது எனக்கு அப்போதே புரிந்திருக்கும். பலா மரப் பெட்டி. மூடி, ஓரத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் இறுகிக்கொண்டு உள்ளங்கையால் தட்டினால்தான் திறக்கும். சித்திரையில் சாய்த்தாலே விழுந்து, கடுகெல்லாம் தரையில். பாட்டி திட்டுவாள். ஆனால் மூடியில் ஒரு கீறல்கூட விழவில்லை, காரணம் அதை யாரும் ஒட்டவில்லை. பழைய கதவுகளின் நடுப்பலகையும் இப்படித்தான் காடிக்குள் சும்மா நிற்கிறது. பாலிஷ் போடும்போது அந்த இடுக்கை மெழுகி அடைத்துவிடாதீர்கள்.

அடுத்தது மரம் வாங்கும் இடம். மைசூர் ரோடு டிம்பர் யார்டில் "சீசன் ஆனதா?", அதாவது ஈரம் போகக் காயவைத்ததா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஈரம் அளக்கும் சின்ன மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் வாங்கலாம். பலகையைப் புரட்டியும் பாருங்கள். வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதியை, ஒட்டிய வெளிர் ஓரத்தை ஆசாரிகள் 'வெள்ளை' என்பார்கள். சாயம் ஏற்றினால் அது மேலே தெரியாது, ஆனால் உளுப்பது அங்கிருந்துதான். இரண்டு வருஷம் கழித்து மேஜைக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டும். அது தேக்குதானா என்றே சந்தேகமா? மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, துண்டைக் கொடுத்தால் இன்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள்.

புத்தக அலமாரியில் எல்லாரும் செய்வது தட்டை நீளமாக்குவது. 18 மி.மீ. பிளைவுட்டுக்கு இரண்டரை அடி போதும். நீளத்தை இரட்டித்தால் அதே எடைக்கு வளைவு 8 மடங்கு. ஆனால் நீளத் தட்டில் புத்தகமும் இரட்டிப்பாக ஏறுமே, அப்போது 16 மடங்கு. மேஜை, நாற்காலி உயரம் பெரிய விஷயமில்லை: மேஜை 30 அங்குலம், நாற்காலியில் உட்காரும் இடம் 18. சமையலறைக்கு, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து பிளைவுட் வாங்குங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த அல்சூர் மேஜை. பலகையைக் கழற்றி, பிளவை ஒட்டி, துளைகளை நீளமாக்கித் திரும்பப் பூட்டினேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ் போட்டிருந்தேன், அது சூடு தாங்காது. தினமும் சாப்பிடும் மேஜைக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டிருக்க வேண்டும். காபி டபரா வைத்த வெள்ளை வளையங்களை எண்ணினேன். ஏழு இருந்தது.