வெண்கலச் சோடிக்கு வெள்ளைக் குஞ்சு எப்படி வந்தது? பாரம்பரிய வான்கோழியின் நிறக் கணக்கு

வெண்கல நிறச் சேவலுக்கும் வெண்கல நிறப் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மஞ்சள் பஞ்சுபோல் வந்து நிற்கும். வளர்ந்தால் அது தூய வெள்ளை. பக்கத்துப் பட்டிச் சேவல் வேலி தாண்டியிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு வெள்ளை மரபணுவைத் தலைமுறை தலைமுறையாக மறைத்துச் சுமந்துவந்து, இந்தக் குஞ்சில் அவை இரண்டும் சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. வெள்ளை மரபணு ஒற்றையாக இருக்கும்வரை இறகில் தெரிவதில்லை. இறகைப் பார்த்து வான்கோழியின் இனத்தூய்மையைச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது வம்சாவளிக் குறிப்பேடும் குஞ்சுகளின் எண்ணிக்கையும்தான்.

பாரம்பரிய வான்கோழி என்ற சொல்லுக்கு அமெரிக்காவின் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி அமைப்பு மூன்று அளவுகோல்கள் வைத்திருக்கிறது. இயற்கையாக இணைசேர்ந்து 70 முதல் 80 விழுக்காடு முட்டைகள் கருவுற வேண்டும். பெட்டை 5 முதல் 7 ஆண்டும், சேவல் 3 முதல் 5 ஆண்டும் இனப்பெருக்கத்துக்கு உதவ வேண்டும். விற்பனை எடையை எட்ட ஏறக்குறைய 28 வாரம் எடுத்து நிதானமாக வளர வேண்டும். இந்த மூன்றிலும் நிறம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இறைச்சிக்கென்று உருவாக்கிய அகன்ற மார்பு வெள்ளை இனங்களால் தாமாக இணைசேர முடியாது. செயற்கைக் கருவூட்டல்தான் வழி. அவை சந்தையை நிறைத்ததில் பழைய இனங்கள் அருகின. 1997-ல் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், எல்லாப் பாரம்பரிய வகைகளும் சேர்ந்தே 1,335 இனப்பெருக்கப் பறவைகள்தான் இருந்தன. இன்று இருப்பவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. சில மரபணுக்கள் எதிர்பாராத இடத்தில் தலைகாட்ட அதுவும் ஒரு காரணம்.

பட்டியைப் பிரிப்பது முதல் வேலை

தகப்பன் யார் என்பது தெரியாமல் நிறக் கணக்குப் போட முடியாது. பெட்டை வான்கோழியின் உடலுக்குள் விந்து வாரக்கணக்கில் உயிரோடு தங்கும். கடைசி இணைசேர்க்கைக்குப் பிறகு 8 முதல் 10 வாரம்வரை கூடக் கருவுற்ற முட்டைகள் வருவதுண்டு. அதனால் முட்டைப் பருவம் தொடங்கிய பிறகு சேவலை மாற்றினால், அதன்பின் வரும் குஞ்சுகள் யாருடையவை என்று அடித்துச் சொல்ல முடியாது. முட்டையிடத் தொடங்குவதற்கு 10 வாரம் முன்பே பெட்டைகளைப் பிரித்து, ஒரு பட்டிக்கு ஒரே ஒரு சேவலை விடுங்கள். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை தாங்கும். நிறச் சோதனைக்கு என்றால் 3 பெட்டை போதும்.

இந்த இனங்கள் நன்றாகப் பறக்கும் என்பதால், வேலி 1.8 மீட்டர் உயரம் இருந்தாலும் ஒரு பக்கச் சிறகின் பறக்கும் இறகுகளைக் கத்தரித்துவிடுவது நல்லது. சேவலின் கால் முள்ளையும் நகங்களையும் மழுங்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மிதிக்கும்போது பெட்டையின் விலாத் தோல் கிழியும். ஒருமுறை கிழிபட்ட பெட்டை பிறகு சேவலை அண்டவிடாது. தடித்த துணியில் முதுகுச் சேணம் தைத்துக் கட்டுவது பலன் தரும்.

முட்டைப் பருவத்துக்கு 4 வாரம் முன்பிருந்தே 16 முதல் 18 விழுக்காடு புரதமுள்ள இனப்பெருக்கத் தீவனம் கொடுங்கள். கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்தால் பெட்டைகள் தேவைக்கு எடுத்துக்கொள்ளும், சேவலுக்குத் தேவையற்ற சுண்ணாம்புச் சத்து போகாது. ஒரு நாளைக்கு 14 மணி நேர வெளிச்சம் வேண்டும்.

நிறம் எங்கே எழுதியிருக்கிறது

ஒவ்வொரு மரபணுவும் சோடியாக இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒற்றையாக இருந்தாலே வெளிப்படுவது ஓங்கு. இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படுவது ஒடுங்கு. நம் வேலைக்கு ஐந்து இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது அடிநிறம். இங்கே கறுப்பு, வெண்கலம், கருஞ்சிறகு வெண்கலம் என்று மூன்று வகை. கறுப்பு மற்ற இரண்டையும் மறைக்கும். வெண்கலம் கருஞ்சிறகை மறைக்கும். காட்டு வான்கோழியின் நிறம் வெண்கலமே. கருஞ்சிறகில் சிறகின் வெள்ளைப் பட்டைகள் இல்லாமல் போகும். கறுப்பும் வெண்கலமும் ஒவ்வொன்று சேர்ந்த பறவை கறுப்பாகத்தான் தெரியும்; ஆனால் இறகு ஓரங்களில் துருப்பிடித்ததுபோல் வெண்கலச் சாயல் எட்டிப்பார்க்கும். கறுப்பு இனத்தைக் காப்பவர்கள் முதலில் தேட வேண்டிய அடையாளம் அதுதான்.

இரண்டாவது நிறம் ஏறுமா ஏறாதா என்று முடிவுசெய்யும் இடம். முழுநிறம், சாம்பல், வெள்ளை என்ற வரிசையில் முன்னது பின்னதை மறைக்கும். இங்கே இரண்டு வெள்ளை வாய்த்துவிட்டால் மற்ற எந்த மரபணு இருந்தாலும் பறவை வெள்ளைதான். வெள்ளை வான்கோழி என்பது மூடிய பெட்டி. உள்ளே கறுப்பு இருக்கலாம், வெண்கலம் இருக்கலாம், சிவப்பும் இருக்கலாம்.

மூன்றாவது சிவப்பு. இது ஒடுங்கு. வெண்கல அடிநிறத்தின்மேல் இரண்டு சிவப்பு சேர்ந்தால் போர்பன் ரெட்: செங்கபில உடல், வெள்ளை வால், வெள்ளைச் சிறகு. கென்டக்கியின் போர்பன் மாவட்டத்துப் பெயரைத் தாங்கிய இந்த இனத்துக்கு அமெரிக்கக் கோழியினச் சங்கம் 1909-ல் அங்கீகாரம் தந்தது. சிவப்பு முழுக்க ஒளிந்துகொள்ளாது. ஒற்றையாக இருந்தாலும் வெண்கலத்தில் செம்மை கூடித் தெரியும். போர்பன் ரெட்டையும் வெண்கலத்தையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் இந்தச் செவ்வெண்கலமாக வரும்.

நான்காவது ஸ்லேட். கறுப்பின்மேல் ஏறி அதைச் சாம்பல் நீலமாக்கும் ஓங்கு மரபணு இது. ஒற்றை ஸ்லேட் மரபணு கொண்ட இரண்டு பறவைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குஞ்சு கறுப்பாக வரும். அதைக் கலப்படம் என்று நினைத்துக் கழிக்காதீர்கள்; கணக்குப்படி வரவேண்டியதுதான் வந்திருக்கிறது. ஒடுங்கு வகை ஸ்லேட்டும் ஒன்று உண்டு. எது உங்களிடம் இருக்கிறது என்று அறிய ஸ்லேட் சேவலைத் தூய கறுப்புப் பெட்டையோடு சேருங்கள்: குஞ்சுகளில் பாதியோ முழுவதுமோ நீலமானால் ஓங்கு வகை, எல்லாமே கறுப்பானால் ஒடுங்கு வகை.

ஐந்தாவதான நாரகன்செட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வெண்கலத்தின் செம்பு மினுக்கத்தை எடுத்துவிட்டு எஃகுச் சாம்பலாக்கும் இந்த ஒடுங்கு மரபணு, பால் நிறப்புரியில், அதாவது குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யும் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட் நிறப்புரி. பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. டபிள்யூவில் இந்த மரபணுவுக்கு இடமே இல்லை. எனவே பெட்டையால் நாரகன்செட்டை மறைத்துவைக்க முடியாது, இருந்தால் தெரியும். சேவலால் முடியும். மகளுக்கு இசட் வருவது தகப்பனிடமிருந்து மட்டும்தான். அதனால் நாரகன்செட் சேவலை வெண்கலப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் எல்லாம் நாரகன்செட்டாகவும், மகன்கள் எல்லாம் வெண்கலமாகவும் இறகு விடும். மாற்றிச் சேர்த்தால், அதாவது தூய வெண்கலச் சேவலும் நாரகன்செட் பெட்டையும் என்றால், குஞ்சுகள் அத்தனையும் வெண்கலம். ஆனால் ஒவ்வொரு மகனும் அதை மறைத்துச் சுமப்பான். வாங்கிய வெண்கலச் சேவலின்மேல் சந்தேகம் இருந்தால் மகள்களை மட்டும் எண்ணுங்கள். சுமப்பவன் என்றால் பாதி மகள்கள் நாரகன்செட்டாக வருவார்கள்.

மறைந்திருப்பதை வெளிக்கொணர்தல்

சோதனைக் கலப்பின் விதி எளிது: சந்தேகத்துக்குரிய பறவையை, அந்த ஒடுங்கு நிறம் முழுதாகத் தெரியும் பறவையோடு சேருங்கள். கறுப்புச் சேவல் தூயதா என்று பார்க்க வெண்கலப் பெட்டை. வெண்கலச் சேவல் வெள்ளையைச் சுமக்கிறதா என்று பார்க்க வெள்ளைப் பெட்டை. சுமப்பவன் என்றால் குஞ்சுகளில் பாதி ஒடுங்கு நிறமாக வரவேண்டும். 7 குஞ்சுகளில் ஒன்றுகூட அப்படி வரவில்லை என்றால், அது தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு 128-ல் ஒன்றுதான்; சேவல் தூயது என்று கொள்ளலாம். மூன்று குஞ்சு பார்த்து முடிவுசெய்தால் எட்டில் ஒருமுறை ஏமாறுவீர்கள்.

தமிழ்நாட்டில் வளர்ப்போருக்கும் இது உதவும். சென்னை நந்தனத்தில் உருவான நந்தனம் வான்கோழி-1, நாட்டுக் கறுப்பு வகையையும் பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட் என்ற அமெரிக்க வெள்ளை இனத்தையும் கலந்து வந்தது. ஊர்ப்பக்கம் கறுப்பும் வெள்ளையும் ஒரே மந்தையில் திரியும்போது, வெள்ளைக்குள் என்ன அடிநிறம் இருக்கிறது என்பதை வெண்கலப் பறவையோடு சேர்த்துத்தான் அறிய முடியும். வரும் குஞ்சுகள் கறுப்பானால் கறுப்பு, வெண்கலமானால் வெண்கலம் அல்லது கருஞ்சிறகு.

இரண்டு இடங்கள் சேர்ந்த கணக்குக்கு ராயல் பாம் நல்ல உதாரணம். பனிவெள்ளை உடலில் கறுப்பு விளிம்பிட்ட இந்த இனத்துக்கு கருஞ்சிறகு இரண்டு, சாம்பல் இரண்டு, ஆக நான்கும் வேண்டும். உடல்கட்டை மேம்படுத்த வெண்கலத்தோடு ஒருமுறை கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் வெண்கலமாகவே தெரியும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் 16-ல் ஒன்றுதான் ராயல் பாம். ஒன்றாவது கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் 47 குஞ்சு பொரிக்க வேண்டும். அந்த முதல் தலைமுறையை மீண்டும் தூய ராயல் பாமோடு சேர்த்தால் நான்கில் ஒன்று. 11 குஞ்சு போதும். வைக்கும் முட்டைகளில் 64 விழுக்காடு பொரிக்கும் என்று கொண்டால் முதல் வழிக்கு 74 முட்டை, இரண்டாவதற்கு 18. இரண்டாவது வழியே நல்லது. இங்கே ஒரு பொறியும் உண்டு. இரண்டு வழியிலும், சாம்பல் இரண்டு இருந்தும் அடிநிறம் வெண்கலமான பறவைகள் மங்கிய கோடுகளோடு வரும். தரம் குறைந்த ராயல் பாம் என்று நினைத்து அவற்றை மந்தையில் வைத்துக்கொண்டால் விளிம்புக் கோடு பல தலைமுறைக்குத் தெளியாது.

முட்டையிலிருந்து கால் வளையம் வரை

முட்டைகளை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை எடுங்கள். கூரிய முனை கீழாக, 13 முதல் 15 டிகிரி செல்சியஸில், 7 நாளுக்கு மேல் போகாமல் வையுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் பட்டி எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். காற்று சுழலும் இன்குபேட்டரில் 37.5 டிகிரி, முதல் 25 நாள் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு. 25-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தை 70-க்கு உயர்த்துங்கள். 28-ஆம் நாள் பொரிக்கும்.

ஈரப்பதமானியைவிடத் தராசை நம்புங்கள். 25-ஆம் நாளுக்குள் முட்டை ஏறக்குறைய 12 விழுக்காடு எடை இழக்க வேண்டும். 80 கிராம் முட்டை 70.4 கிராமுக்கு வரவேண்டும். எடை குறையாவிட்டால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஈரம் பிசுபிசுக்க உள்ளேயே மூச்சடைத்துச் சாகும். அதிகம் குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். 27-ஆம் நாளே பொரித்தால் சூடு அதிகம். 29, 30 என்று இழுத்தால் குறைவு.

பொரிப்புத் தட்டில் ஒவ்வொரு பட்டி முட்டைகளையும் தனித் தனி வலைக்கூடையில் வையுங்கள். குஞ்சு காய்ந்ததும் விரலிடைச் சவ்வில் பட்டிக்கு ஒரு விதமாகத் துளையிடுங்கள், கால் வளையம் பின்னர் போடலாம். பஞ்சின் நிறத்தையும் அன்றே குறியுங்கள். வெண்கலம் பழுப்புக் கோடுகளோடும், கறுப்பு வெளிறிய முகத்தோடும் இருக்கும். வெள்ளையும் ராயல் பாமும் இரண்டுமே மஞ்சள். இறகு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முதல் வாரம் 35 டிகிரி வெப்பம், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். வழவழப்பான செய்தித்தாள் விரித்தால் கால் அகன்று முடமாகும், சாக்கு விரியுங்கள். வான்கோழிக் குஞ்சு தீவனத்துக்கு நடுவிலேயே பட்டினி கிடந்து சாகக்கூடியது. அலகைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து விடுங்கள், தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகள் போடுங்கள்; மினுமினுப்பைக் கொத்த வந்து குடிக்கப் பழகும். பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை என்று முதல் 15 நாள் கொடுப்பது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் முறை. நன்றாகவே வேலை செய்கிறது. தொடக்கத் தீவனத்தில் 28 விழுக்காடு புரதம் வேண்டும். பிராய்லர் தீவனம் போதாது.

கோழி நடமாடிய மண்ணில் வான்கோழியை விடாதீர்கள். கோழியின் குடற்புழு முட்டைக்குள் ஒளிந்து வரும் ஒரு நுண்ணுயிரி கரும்தலை நோயைத் தரும். மண்புழுவும் அதைச் சுமக்கும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வான்கோழிக்குக் கல்லீரல் அழுகி, கந்தக மஞ்சளில் கழிச்சல் கண்டு மந்தையே சரியும். அமெரிக்காவில் இதற்கென்று அனுமதி பெற்றிருந்த கடைசி மருந்தும் 2015 முடிவில் விலக்கப்பட்டுவிட்டது.

எதை வைப்பது, எதைக் கழிப்பது

28 வாரத்தில் ஒவ்வொரு பறவையையும் கையில் தூக்கிப் பாருங்கள். மார்பெலும்பு நேராக இருக்கிறதா, முதுகு தோளில் அகன்று இருக்கிறதா, கால்கள் விலகி நேராக நிற்கின்றனவா, எடை என்ன என்று பார்த்து முதலில் உடலால் வடிகட்டுங்கள். அதில் தேறியவற்றைத்தான் நிறத்தால் வடிகட்ட வேண்டும். வரிசையை மாற்றினால் அழகான இறகும் கோணல் மார்பும் கொண்ட மந்தைதான் மிஞ்சும். ஒற்றை வெள்ளையைச் சுமக்கும் நல்ல சேவலை உடனே கழிக்க வேண்டியதில்லை. அதன் மகன்களைச் சோதனைக் கலப்பில் பார்த்து, சுமக்காத பாதியை வைத்துக்கொண்டால் உடல்கட்டும் தங்கும், வெள்ளையும் போகும்.

நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்க மந்தையை மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். மகள்கள் பிறந்த குடும்பத்திலேயே இருக்கட்டும். முதல் குடும்பத்து மகன்கள் இரண்டாவதற்கும், இரண்டாவதன் மகன்கள் மூன்றாவதற்கும், மூன்றாவதன் மகன்கள் முதலாவதற்கும் ஆண்டுதோறும் போகட்டும். குடும்பத்துக்கு இரண்டு இளம் சேவல் எடுத்து, ஒன்றைப் பட்டியில் விட்டு மற்றொன்றைத் தனியே வையுங்கள். பருவத்தின் நடுவில் முதலாவது செத்தாலோ நொண்டினாலோ அதன் தம்பியைத்தான் அங்கே விட வேண்டும். அப்படி விட்ட தேதியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்து 10 வாரத்துக்குள் இட்ட முட்டைகளுக்குத் தகப்பன் பெயருக்கு நேரே இரண்டு சேவல்களின் எண்ணும் இருக்க வேண்டும்.