கோல்கீப்பர்கள் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள்

2021 பிப்ரவரியில் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே காலையில் கையை விட்டுப் போனார்கள். ஒருத்திக்குக் கொரோனா. இன்னொருத்தி அவளுடைய அறைத்தோழி, அதனால் அவளுக்கும் தனிமை. மூன்றாவது ஆள் கிடையாது. பள்ளியில் கூடைப்பந்து ஆடியவள் என்ற ஒரே தகுதியைப் பார்த்து ஒரு டிஃபென்டருக்குக் கையுறை மாட்டினோம். நான்கு கோல் வாங்கினோம். அதில் இரண்டைத்தான் அவள் கணக்கில் எழுத முடியும்.

நான் அப்போது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டே கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு மாணவர் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பது, பிப் (பயிற்சியில் சட்டைக்கு மேல் போடும் கலர் பனியன்) துவைப்பது, மைதானத்தில் அடையாளத்துக்கு வைக்கும் கோன் அடுக்குவது, பஸ்ஸில் தலை எண்ணுவது, இவ்வளவுதான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அப்படிக் கிடைத்த வேலை. "பந்து பொறுக்கிப் போடறதுக்கா இவ்ளோ கடன வாங்கி அனுப்புனோம்?" என்று திண்டுக்கல்லிலிருந்து அம்மா கேட்டார்.

இந்த வருடம் அதே மாதிரி வேலையில் சேரும் ஒரு பெண், "அணிக்குள்ள தொத்து வந்தா என்ன பண்றதுக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கொரோனா இல்லாவிட்டாலும் ஃப்ளூவும் பொன்னுக்குவீங்கியும் அமெரிக்கக் கல்லூரி விடுதிகளுக்குப் புதிதல்ல. அவளுக்காக எழுதியது இது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கோச் ஆட்டத் திட்டத்தைப் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது யார் யார் பக்கத்தில், எவ்வளவு நேரம், மாஸ்க் இல்லாமல் இருந்தார்கள் என்பதை. 2020 அக்டோபரில் சி.டி.சி. (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு) வைத்த கணக்குப்படி 24 மணி நேரத்துக்குள் 6 அடி தூரத்தில் மொத்தம் 15 நிமிடம் இருந்தால் அது நெருங்கிய தொடர்பு. சேர்ந்தாற்போல் 15 நிமிடம் இருக்க வேண்டியதில்லை. காலையில் ஐந்து, மதியம் ஐந்து, மாலையில் ஐந்து என்றாலும் கணக்கில் வரும். தனிமை முதலில் 14 நாள். டிசம்பரில் அதை 10 நாளாகவும், பரிசோதனையில் இல்லை என்று வந்தால் 7 நாளாகவும் குறைக்க வழி விட்டார்கள். எங்கள் கல்லூரி 10 என்று வைத்துக்கொண்டது. பத்தே வார சீசனில் 10 நாள் என்றால் இரண்டு மூன்று ஆட்டம் போயிற்று.

நான் ஒரு பயிற்சியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 40 நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டும் அவளை மறித்த டிஃபென்டரும் கையெட்டும் தூரத்தில் இருந்தது நான்கு நிமிடம்கூட இல்லை. அப்புறம் கோச் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துப் பேசினார். பதினோரு நிமிடம்! மைதானத்தில் ஓடும்போது வராத வம்பெல்லாம் நிற்கும்போதும் சாப்பிடும்போதும் காரில் போகும்போதும்தான் வரும். கோச்சிடம் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். நான் வாட்சை மட்டும் நீட்டினேன். அடுத்த நாளிலிருந்து எல்லோரும் ஆளுக்கொரு கோனாகத் தள்ளி நின்றார்கள், அவர் தொண்டை கட்டக் கட்டக் கத்தினார்.

நோட்டில் நான் போட்ட பத்திகள்: நாள், இடம், இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், மாஸ்க் கழற்றிய நேரம். முக்கியமானது கடைசிப் பத்திதான்.

அறையும் பஸ்ஸும்

சீசன் தொடங்கும் முன்பே யார் யாரோடு தங்கியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, ஒரே இடத்துக்கு ஆடுபவர்களைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். கோல்கீப்பர்கள், நடு டிஃபென்டர்கள், அணியில் இருக்கும் இரண்டே இரண்டு இடதுகால்காரிகள். யாருக்கும் பிடிக்காது. "அவ என் ஃப்ரெண்டு" என்று அழுவார்கள். எங்கள் கோல்கீப்பர்களும் அப்படித்தான் கேட்டு ஒன்றாகத் தங்கினார்கள், நானும் சரி என்று விட்டேன். அதன் பலன்தான் மேலே சொன்ன நான்கு கோல்.

பஸ்ஸில் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். அறைத்தோழிகளைப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள். அவர்கள் எப்படியும் ஒரே காற்றை மூச்சு விடுகிறவர்கள், பஸ்ஸில் பிரித்து உட்கார வைத்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துச் சிக்க வைப்பீர்கள். சீட்டுக்கு எண் ஒட்டி, சீசன் முழுக்க அதே எண், திரும்பி வரும்போதும் அதே எண். தூங்கிவிட்டவளைப் பார்க்க இன்னொருத்தி எழுந்து போகிறாளா என்று கண் வைத்திருங்கள்.

சாப்பாட்டை ஓடும் பஸ்ஸில் கொடுக்காதீர்கள். நாங்கள் நெடுஞ்சாலை ஓரத்து வாகன நிறுத்தத்தில் இறங்கி, மைனஸ் 6 டிகிரியில் நின்றபடி சாண்ட்விச் சாப்பிட்டோம். சீஸ் கட்டையாக இருந்தது. மழை பெய்தால் ஒற்றைப்படை வரிசை முதலில், 10 நிமிடம். அவர்கள் மாஸ்க் போட்டதும் இரட்டைப்படை வரிசை.

பரிசோதனைக் காலைகள்

எங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி காலை 6.30-க்கு மூக்கில் குச்சி. முடிவு வர 15 நிமிடம். அது வரும்வரை ஒருவரையும் உடைமாற்றும் அறைக்குள் விடாதீர்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும். குளிரில் பால்பாயிண்ட் பேனா எழுதாது; பெயர்ச் சீட்டை முந்தைய இரவே மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள்.

யாருக்காவது பாசிட்டிவ் என்று வந்தால் பெயரைச் சொல்லாதீர்கள். மருத்துவப் பணியாளர் வந்து தனியே அழைத்துப் போவார். மற்றவர்கள் எண்ணிப் பார்த்து யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்தான், ஆனால் அது உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

இன்னொன்று. பத்து நாள் முடிந்து திரும்பியவளிடம் "நாளைக்கு ஆடுவியா?" என்று கேட்காதீர்கள். 2020 செப்டம்பரில் வந்த ஓர் ஆய்வு: எங்கள் மாநிலத்தின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொரோனா வந்துபோன 26 கல்லூரி விளையாட்டு வீரர்களின் இதயத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது, 4 பேருக்கு இதயத் தசை வீக்கத்தின் அடையாளம் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் அதைப் படித்த அப்பா அம்மாக்கள் எல்லோரும் எங்களுக்கு போன் போட்டார்கள். டாக்டர் கையெழுத்து இல்லாமல் பிப்கூடக் கொடுக்காதீர்கள்.

தனிமை அறைக்கு அனுப்பும் பை

வெப்பமானி, சார்ஜர், உப்பு பிஸ்கட், உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டை. பந்து வேண்டாம். நான் ஒருத்திக்குப் பந்து கொடுத்தனுப்பினேன், அவள் இரவு பதினொரு மணிக்குக் காலால் தட்டிக்கொண்டிருந்தாள், கீழ்த்தளத்துப் பையன் புகார் எழுதிவிட்டான். பிறகு இரண்டு ஜோடி சாக்ஸைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினோம். பத்தாம் நாள் அதை 212 முறை கீழே விழாமல் தட்டியதாக வீடியோ வந்தது.

பனியும் பந்தும்

கல்லூரிக் கால்பந்து அமெரிக்காவில் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் முடியும். 2020-இல் என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) இலையுதிர்காலச் சாம்பியன்ஷிப்பை நிறுத்தி, முதல் டிவிஷன் சீசனை 2021 பிப்ரவரி 3 முதல் ஏப்ரல் 17 வரை என்று மாற்றிப் போட்டது. ஏ.சி.சி., எஸ்.இ.சி. மாதிரிப் பெரிய கூட்டமைப்புகள் இலையுதிர்காலத்திலும் ஆடிக்கொண்டன. எங்களைப் போன்ற நடுத்தரக் கல்லூரிகள் பனியில் இறங்கின.

செயற்கைப் புல்லில் பனி அள்ள இரும்பு மண்வெட்டியைத் தொடாதீர்கள், நார் பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் தள்ளுமட்டை போதும். அடி வரை சுரண்டாமல் ஒரு விரல் கனம் விட்டுவிட்டால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அடி வரை போனால் கறுப்பு ரப்பர்த் துகள் எல்லாம் பனியோடு வந்துவிடும். பந்துக்கு அறைக்குள் காற்றடித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வெளியே வந்ததும் குளிரில் அழுத்தம் இறங்கிவிடும். அரை மணி நேரம் வெளியே கிடக்க விட்டு, பிறகு அழுத்தமானியைச் சொருகிப் பாருங்கள். முதல் வாரம் இது தெரியாமல், பந்து பஞ்சுமூட்டையாக இருக்கிறது என்று நடுவரிடம் திட்டு வாங்கினேன்.

அந்தப் பந்துகளைக் கிருமிநாசினியால் துடைத்துத் துடைத்து என் விரல் வெடித்ததும் வீண். தொட்ட பொருளிலிருந்து தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று சி.டி.சி. 2021 ஏப்ரலில் சொன்னது. சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது!

ஊசிக் கணக்கு

ஒஹாயோவில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் தடுப்பூசி மார்ச் 29 அன்றுதான் திறந்தது. ஃபைசர் என்றால் மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஊசி, அதாவது ஏப்ரல் 19. எங்கள் சீசன் முடிவது 17. ஒரே ஊசியோடு முடியும் ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்டவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் கழிந்து கடைசி ஆட்டத்துக்குக் கணக்கு சரியாக வந்தது. அதற்குள் ஏப்ரல் 13 அன்று அதையே நிறுத்திவைத்தார்கள். ஏற்கெனவே போட்டவர்கள் முகம் அன்று முழுக்க வெளிறிக் கிடந்தது. எந்த ஊசியானாலும் ஆட்டம் முடிந்த மறுநாள் போடச் சொல்லுங்கள், காய்ச்சல் பயிற்சி நாளில் வந்து போகட்டும்.

பத்து ஆட்டத்தில் ஏழுதான் ஆட முடிந்தது. இரண்டு வெற்றி. அந்த வருடம் சாம்பியன்ஷிப்புக்கு 64-க்குப் பதில் 48 அணிகள், எல்லா ஆட்டமும் வட கரோலினாவில். மே 17 அன்று கேரி நகரில் சாண்டா கிளாரா, ஃப்ளோரிடா ஸ்டேட்டை 1-1க்குப் பிறகு பெனால்டியில் 4-1 என்று வென்றது. நாங்கள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டே பார்த்தோம். எங்கள் இரண்டு கோல்கீப்பர்களும் மட்டும் ஒரே சோபாவில்.

சீசன் முடிந்ததும் பிப்பை எண்ணுங்கள் (32 கொடுத்தேன், 31 வந்தது), அழுத்தமானியின் ஊசியைத் துடைத்து எண்ணெய் தொட்டு வையுங்கள். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அதில் பிறர் உடம்பு விவரம் இருக்கிறது. மருத்துவ அறையில் கொடுத்து, காகிதம் வெட்டும் இயந்திரத்தில் போகும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.