மாரிக்கு முன் பட்டிக் கணக்கு

தம்பலகாமத்தில் எங்கள் ஆட்கள் பலர், மாடு செத்தால்தான் நட்டம் என்பார்கள். கால்வாய் நோயில், அதாவது காலிலும் வாயிலும் புண் வரும் தொற்று நோயில், வளர்ந்த மாடு சாவது குறைவு. காசு போவது பாலில். கொப்பியில் மாட்டுக்கு மாடு எழுதுங்கள்: குறைந்த பால், மருந்துச் செலவு, பிந்திய சினை. கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சினை ஒரு மாதம் பிந்தினால் கன்றும் பாலும் பிந்தும், தீனிச் செலவு மட்டும் நிற்காது.

பக்கத்தில் தடுப்பூசிச் செலவையும் எழுதிப் பாருங்கள். தொண்டை அடைப்பானுக்கு, அதாவது தொண்டை வீங்கி மாடு சட்டென்று சாகும் நோய்க்கு, ஊசி போட மழைக்கு முன்பே, புரட்டாதியிலேயே, கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். அந்த நோய் கணக்கெழுத நேரம் தராது.

அப்புறம், புதிதாக வாங்கிய மாட்டை இரண்டு கிழமையாவது தனியே கட்டுங்கள். கால்வாய் நோய் வெளித்தெரிய 14 நாள் வரை ஆகலாம். மச்சான் தந்த மாடென்றாலும் சரி.