பயணம், பிள்ளைகள், நடுவயது: மேடை நகைச்சுவை எழுதும் முறை

ஊர் ஊராகச் சென்று மேடையில் தனித்து நின்று சிரிக்க வைக்கும் கலைஞர் தம் வாழ்விலிருந்தே எழுத விரும்பினால், நிகழ்ந்ததை அன்றிரவே குறித்துவிட வேண்டும். மறுநாள் கருத்து நினைவிலிருக்கும், பிள்ளை சொன்ன சொற்களின் வரிசை இருக்காது, சிரிப்போ அந்த வரிசையில்தான் இருக்கிறது.

சிரிப்பைத் தூண்டும் சொல் இறுதியில் வர வேண்டும். தமிழில் வினைமுற்றே பெரும்பாலும் இறுதியில் நிற்பதால், “நெடும்பயணம் முடித்து வீடு திரும்பிய தந்தையிடம் மகள் கேட்டது: அப்பா, அடுத்த பயணம் எப்போது?” என்பதுபோல் வாக்கியத்தைத் திருப்பி அமையுங்கள்.

நடுவயதைப் பற்றிய பொதுவான புலம்பல் எடுபடாது. 40 வயதை ஒட்டிக் கண்வில்லை நெகிழ்வை இழப்பதால், தங்கும் விடுதியின் அறிவிப்புத் தாளைக் கை எட்டும் தொலைவுக்குத் தள்ளிப் பிடிக்கும் காட்சியைச் சொல்லுங்கள். அவையில் பலர் தம்மையே காண்பார்கள்.

பிள்ளையைப் பற்றிய பகுதியை முதலில் பிள்ளையிடமே சொல்லிக் காட்டுங்கள். அது வேண்டாமென்றால், எத்தனை கைதட்டல் கிடைப்பதாயினும் நீக்கிவிடுங்கள்; இதில் விதிவிலக்கே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். ஓர் ஊரில் அமைதி நிலவியது என்பதற்காக நல்ல பகுதியைக் கைவிடாமல், வேறு ஊர்களிலும் சொல்லிப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.