ஆடம்பர பிராண்டு ஒன்று மாட்டிக்கொண்டால் அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது

பெரிய பிராண்டு ஒன்றின் பெயர் அடிபட ஆரம்பித்ததும் எல்லோரும் அதன் மன்னிப்பு அறிக்கையைத்தான் முதலில் படிக்கிறார்கள். அதை ஓரமாக வையுங்கள், வக்கீல்கள் நாலு முறை சலித்துக் கொடுத்த வாசகம் அது. யார் முடிவெடுத்தார்கள், லாபம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை வேறு இடங்களில்தான் தேட வேண்டும்.

முதலில் பிராண்டுக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டியோர், லூயி வுய்ட்டான், ஃபெண்டி, செலின், டிஃபனி எல்லாமே எல்விஎம்எச் (LVMH) என்ற பிரெஞ்சு ஆடம்பரக் குழுமம். குச்சி, செயின்ட் லாரன்ட், பலென்சியாகா மூன்றும் கெரிங் (Kering) என்ற இன்னொரு பிரெஞ்சுக் குழுமம். இந்தக் குழுமங்களின் ஆண்டறிக்கையை அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், தடிமனாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், பிராண்டுகளின் பட்டியலும் வருமானப் பக்கமும் போதும். எல்விஎம்எச் பிராண்டு வாரியாகக் கணக்குக் காட்டுவதில்லை, "ஃபேஷன் மற்றும் தோல் பொருட்கள்" என்று ஒரே பிரிவாகக் காட்டிவிடும். ஒரு பிராண்டுக்குக் கெட்ட பெயர் வந்தால் விற்பனை எவ்வளவு விழுந்தது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

அப்புறம் நீதிமன்ற ஆணை. இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் நடக்கிறது. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோர் மீது எடுத்த நடவடிக்கையைப் பாருங்கள். ஆணையில் இருந்த பெயர் மானுஃபாக்சர்ஸ் டியோர் என்ற இத்தாலியத் துணை நிறுவனம். அதற்குக் குற்றத் தண்டனை எதுவும் கொடுக்கப்படவில்லை, குற்றம் சாட்டப்படவும் இல்லை. வேலையை வாங்கிக்கொண்ட பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதைத் தடுக்கத் தவறியது என்று சொல்லி, ஓராண்டுக்கு நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமித்தது. அவ்வளவுதான். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது ஒரே ஒரு எண்: கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பைக்கு ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோ. அந்த 53 யூரோ பையைத் தைத்து முடிப்பதற்கான கூலி, தோலின் விலை அதில் சேராது. "53 யூரோ பை" என்று பகிர்ந்தால் நிறுவனம் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மொத்தக் குற்றச்சாட்டையும் தள்ளிவிடும். என்னைக் கேட்டால் அதைவிடக் கனமான விஷயம் மின்சாரப் பயன்பாட்டுக் கணக்கு. பட்டறைகளில் இரவும் பகலும், விடுமுறை நாளிலும் இயந்திரம் ஓடியதை அது காட்டிக்கொடுத்தது. தொழிலாளர்கள் படுத்துத் தூங்கியதும் அங்கேயேதான், வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளையும் கழற்றிவிட்டிருந்தார்கள். இந்த மாதிரி விவரம் செய்தியின் நடுவில் புதைந்து கிடக்கும், தேடிப் படியுங்கள்.

ஒரு பெயரோடு நிறுத்தாதீர்கள். 2024 ஏப்ரலில் அர்மானியின் ஒரு பிரிவு, 2025 மே மாதம் வாலண்டினோவின் பை தயாரிக்கும் பிரிவு, ஜூலையில் லோரோ பியானா, எல்லாமே அதே நீதிமன்றம், அதே வகை ஆணை. லோரோ பியானாவும் எல்விஎம்எச்தான். ஒரே குழுமத்துக்குள் இரண்டாவது முறை என்னும்போது, எவனோ ஒரு ஒப்பந்தக்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற கதையை நம்புவது கஷ்டம்.

நிறுவனம் கொடுக்கும் தொகையைத் தனியாகப் பார்த்தால் எதுவும் புரியாது, வருமானத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வணிகப் போட்டியையும் நுகர்வோர் நலனையும் கண்காணிக்கும் இத்தாலியப் போட்டி ஆணையம் 2025இல் டியோர் விசாரணையை முடித்தபோது, விதிமீறல் என்று தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு உதவ ஐந்தாண்டுகளில் 20 லட்சம் யூரோ கொடுப்பதாக டியோர் ஒப்புக்கொண்டது. எல்விஎம்எச்சின் 2024 வருமானம் 8,470 கோடி யூரோ. வகுத்துப் பார்த்தால் அந்த 20 லட்சம், குழுமத்துக்குக் கால் மணி நேர வருமானம்கூட இல்லை. குச்சியின் வருமானத்தைச் சுவிட்சர்லாந்து துணை நிறுவனம் வழியாகக் காட்டிய விவகாரத்தில் கெரிங் 2019இல் இத்தாலிக்குக் கட்டியதோ 125 கோடி யூரோ. அரசின் வரி என்று வந்தால் பிடி எவ்வளவு இறுகுகிறது பாருங்கள்.

கடைசியாக, யார் வெளியேறினார்கள் என்று பாருங்கள், அதையும் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பாருங்கள். 2011இல் யூத வெறுப்புப் பேச்சுக்காகத் தன் வடிவமைப்புத் தலைவர் ஜான் கலியானோவை டியோர் சில நாட்களிலேயே நீக்கியது. 2022இல் குழந்தைகள் கையில் பாலியல் சாயலுள்ள கரடி பொம்மைகளைக் கொடுத்து எடுத்த விளம்பரத்தால் பலென்சியாகா சிக்கியபோது, அதே சமயம் சர்ச்சையான இன்னொரு விளம்பரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மீது முதலில் 2.5 கோடி டாலருக்கு வழக்குப் போட்டது, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கியது. வடிவமைப்புத் தலைவர் டெம்னா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதவியில் நீடித்தார். 2025இல் அவரை கெரிங் தன் மிகப் பெரிய பிராண்டான குச்சிக்குக் கொண்டுபோனது.